அப்பா செய்த தொட்டியும் நான் எறிந்த வலையும்

என்னோடு ஒரே வாங்குப் பலகையில் உட்கார்ந்து படித்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். விஞ்ஞானக் கூடத்தின் கிழக்கு யன்னலடியில் ஒரு மீன்தொட்டி நின்றது உங்களுக்கு நினைவிருக்கும். சிலருக்கு மீன்கள் நினைவிருக்கும். சிலருக்கு அதன் பின்னால் குந்தியிருந்து உப்பும் தூளும் தொட்டு மாங்காய் தின்றது நினைவிருக்கும். அந்தத் தொட்டியைச் செய்தவர் என் அப்பா. அதில் முதலில் விட்ட மீன்கள் செத்ததற்குக் காரணம் நான். பிறகு விட்ட மீன்கள் வாழ்ந்ததற்கும் காரணம் நான்தான். மூன்றையும் சேர்த்துச் சொன்னால்தான் கதை நேராக நிற்கும். தலை நரைத்த பிறகு பெருமை பேசுகிறான் என்று யாராவது நினைத்தால், ஓம், பேசத்தான் போகிறேன்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அப்பா துறைமுக வேலைத்தலத்தில் இரும்பு ஒட்டினார். வெள்ளைக்காரக் கடற்படை இருந்த காலத்தில் சுமை தூக்க உள்ளே போனவர். அவர்கள் தளத்தைக் கொடுத்துவிட்டுப் போன நேரத்தில் வெல்டிங் பழகி முடித்திருந்தார். எழுத்து வாசிப்பு இல்லை. ஆனால் ஒரு தகட்டை நகத்தால் தட்டிப் பார்த்து அதன் தடிப்பைச் சொல்லிவிடுவார். என் புத்தகங்களை மட்டும் கை கழுவித் துடைத்துவிட்டுத்தான் தொடுவார். திறந்து படம் பார்ப்பார். பிறகு நான் வைத்திருந்த அதே மூலைக்கு நேராக வைத்துவிட்டுப் போவார்.

அந்த வருடம் எனக்குப் பதின்மூன்று வயது. பள்ளிக்கூடத்தில் அப்போது இருந்தது பழைய தொட்டி. சீமைக்குத் திரும்பிய வெள்ளைக்காரத் துரை ஒருவர் விட்டுவிட்டுப் போனதாகச் சொல்வார்கள். ஏழு தங்கமீன்கள். எல்லாம் கையளவு வளர்ந்தவை. சயன்ஸ் மாஸ்டர் அந்தத் தொட்டியை என் பொறுப்பில் விட்டிருந்தார். பொறுப்பு என்றால் சாப்பாடு போடுவது மட்டுமல்ல. தொட்டிக்குள் மூலையில் ஒரு ஓட்டைப் பெட்டி இருந்தது நினைவிருக்கிறதா? அடியில் சிரட்டைக்கரி, அதன் மேல் பருமணல், அதற்கும் மேல் கிழிந்த நைலோன் வலையைப் பிய்த்துச் சுருட்டி அடைத்திருப்போம். வலைக்குப் பஞ்சமில்லை, கடற்கரையில் காலில் தடக்கும். ஒரு சின்னக் காற்றுப் பம்பு நாள் முழுக்க வண்டு போல இரைந்துகொண்டு பெட்டிக்குள் காற்றை ஊதும். காற்று மேலே எழும்ப, தொட்டித் தண்ணீர் வலைக்குள்ளால் இழுபட்டு, ஊத்தையை விட்டுவிட்டு வெளியே வரும். அந்த வலையைத் தொட்டால் விரலுக்குள் வழுக்கும். தவிட்டு நிறம். குளத்து மண்ணின் மணம். பொம்பிளைப் பிள்ளைகள் மூக்கைப் பொத்திக்கொண்டு போவார்கள்.

பழைய தொட்டியின் சட்டம் துருப்பிடித்து, அடியிலிருந்து ஒரு சாண் உயரத்தில் ஒழுகத் தொடங்கியது. தினமும் காலையில் நான் நிலத்தைத் துடைத்துவிட்டுத்தான் வகுப்புக்குப் போவேன்.

“இது இனி நிக்காது,” என்றார் மாஸ்டர். “கொழும்புக்கு எழுதிப் புதுசு வந்து சேருமட்டும் பாத்துக்கொண்டிருக்க ஏலாது.”

நான் எழுந்து நின்றேன். “எங்கட அப்பா செய்வார் சேர்.”

பின் வாங்கிலிருந்து ஒருவன் சொன்னான், “அவன்ர அப்பா கப்பலே செய்வார் சேர்! துறைமுகத்துக்குள்ள கிடக்கிறதெல்லாம் அவர் செய்ததுதான்!”

சொன்னவன் யாரென்று உங்களுக்குத் தெரியும். இப்போது பேரப்பிள்ளைகளோடு இருக்கிறான். விட்டுவிடுவோம்.

அன்று மாலை அப்பாவிடம் சொன்னேன். அவர் முதலில் கேட்டது, “எத்தினை மீன்?”

“ஏழு.”

“அதுகளுக்கு ஓடித் திரிய எவ்வளவு இடம் வேணும்?”

எனக்குத் தெரியாது. மாஸ்டரும் அதைக் கேட்டதில்லை. அப்பா கொஞ்ச நேரம் கையை விரித்து, ஏதோ நீந்துவது போல இப்படியும் அப்படியும் ஆட்டிப் பார்த்தார். பிறகு, “நாலடி,” என்றார்.

வேலை முடிந்து வந்த மாலைகளில் வீட்டுக் கோடியில் வைத்துச் செய்தார். கோண இரும்புகளை வேலைத்தலத்தில் அளவுக்கு ஒட்டிக் கொண்டுவந்தார். அரத்தால் ஒவ்வொரு மூலையையும் என் கன்னத்தில் தேய்த்தாலும் கீறாத அளவுக்கு ராவினார். சோக்குத் தூளையும் ஆளிவிதை எண்ணெயையும் சேர்த்துப் புட்டி பிசைந்தார். ரொட்டிக்கு மா குழைப்பது போல அடித்து, இழுத்து, மறுபடி அடித்து. கண்ணாடிகள் புட்டியில் பதிந்த பிறகு, உள்மூலைகளில் வள்ளக்காரர் பலகை இடுக்குக்குப் பூசுகிற கீலை உருக்கி நூல் பிடித்த மாதிரி ஒரு கோடு இழுத்தார். அதன் பிறகு மூன்று கிழமை அந்தத் தொட்டி எங்கள் கிணற்றடியில் நிறைந்து நின்றது. தண்ணீரை ஊற்றுவார், இரண்டு நாளில் வாழைக்குத் திறந்துவிடுவார், மறுபடி ஊற்றுவார். கடைசி நாள் கையால் அள்ளி ஒரு மிடறு குடித்தார். வாய்க்குள் வைத்துச் சற்று யோசித்தார்.

“இப்ப சரி,” என்றார்.

விசயதசமியன்று புதுத் தொட்டியைத் திறப்பதாக முடிவாயிற்று. கல்விக் கந்தோரிலிருந்து பெரியவர் ஒருவர் வருகிறார். மாஸ்டர் என்னைக் கூப்பிட்டார்.

“இது குடிபூரல் மாதிரி. விளங்குதோ? எல்லாம் புதுசாய் இருக்கவேணும். புது வீட்டுக்கு ஆரும் பழைய ஊத்தையைக் கொண்டு போறதோ?”

எனக்கு நன்றாக விளங்கியது. எங்கள் ஊர்களில் புதுவீட்டுக்குப் பழைய விளக்குமாறுகூடப் போகாது. பூசைக்கு முதல் நாள் நானும், ஓட்டைப் பெட்டியும், ஒரு சவர்க்காரக் கட்டியும். பெட்டியை மூன்று தரம் உரஞ்சிக் கழுவினேன். பருமணலைப் பள்ளிக்கூடக் குசினியில் கொதிநீரில் போட்டு அவித்தேன். பழைய கரியைக் குப்பைக்குக் கொட்டினேன். வழுக்கிய பழைய வலையை இரண்டு விரலால் தூக்கி, கூடத்துக்குப் பின்னால் முருங்கையடியில் வைத்திருந்த பழைய தொட்டிக்குள் எறிந்தேன். அதில் ஒழுகாத அந்த ஒரு சாண் தண்ணீரும் அடியில் பரப்பியிருந்த கல்லில் பாதியும் கிடந்தன. புது வலை, புதுக் கரி, கிணற்றிலிருந்து புதுத் தண்ணீர். மீன்களை மட்டும்தான் நான் சவர்க்காரம் போட்டுக் கழுவவில்லை.

அடுத்த நாள் பள்ளிக்கூட அதிபர் தொட்டியின் முன்னால் நின்று, “கண்ணாடி இருக்கோ இல்லையோ எண்டு தெரியேல்லை,” என்று என் முதுகில் தட்டினார். வந்த பெரியவர் தொட்டி எங்கே வாங்கியது என்று கேட்டார். “நாங்களே செய்விச்சது சேர்,” என்றார் மாஸ்டர். அப்பா வெள்ளைச் சேட்டும் வேட்டியுமாகப் பின் கதவடியில் நின்றுகொண்டிருந்தார். அவரைத் திரும்பிப் பார்க்க ஒருவருக்கும் தோன்றவில்லை. அதை இன்று நினைத்தால் எனக்குச் சுடுகிறது. அன்று எனக்கும் தோன்றவில்லை. என் முதுகில் விழுந்த தட்டு எனக்குப் போதுமாயிருந்தது.

மூன்றாம் நாள் தண்ணீர் அரிசி கழுவிய தண்ணீர் போலக் கலங்கியது. நான்காம் நாள் மீன்கள் எல்லாம் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. செவுள் இரத்தச் சிவப்பு. பம்பு இரைந்துகொண்டுதான் இருந்தது. ஆறாம் நாள் காலையில் கதவைத் திறந்தபோது ஐந்து மீன்கள் பக்கவாட்டில் மிதந்தன. மிச்ச இரண்டையும் எங்கே விடுவது என்று தெரியாமல், ஓடிப்போய் முருங்கையடிப் பழைய தொட்டியில் விட்டேன். மாலைக்குள் அவை இரண்டும் நிமிர்ந்து நீந்தத் தொடங்கிவிட்டன.

மாஸ்டருக்கு அதுவே சாட்சியாகப் போயிற்று. “வெள்ளைக்காரன்ர பழசுக்குள்ள உயிரோட இருக்குது. புதுசுக்குள்ள சாகுது. அப்ப நஞ்சு எங்க கிடக்கு?”

அடுத்த நாள் அப்பாவை வரச் சொன்னார்கள். வேலை உடுப்போடு வந்தார். வகுப்பு நடந்துகொண்டிருந்தது, மாஸ்டர் வகுப்பை நிறுத்தவில்லை.

“வாரும். உதுக்கு என்னத்தைப் பூசினீர்?”

“புட்டி ஐயா. அதுக்கு மேல கீல்.”

“கீலோ? வள்ளத்துக்குப் பூசுற கீலோ?”

“ஓம் ஐயா. மூண்டு கிழமை தண்ணி மாத்தி மாத்தி ஊறப் போட்டனான். கடைசியில குடிச்சும் பாத்தனான்.”

“உமக்கு ஒண்டும் செய்யாது. நீர் என்ன மீனோ?”

வகுப்பு முழுக்கச் சிரித்தது. நீங்களும் சிரித்தீர்கள். உங்களைக் குறை சொல்ல வரவில்லை. நானும் சிரித்தேன். இதை எழுதாமல் விட்டால் மற்றதெல்லாம் பொய்யாகிவிடும்.

அப்பா தொட்டியை ஒருதரம் பார்த்தார். “அப்ப பிழை என்னிலதான் ஐயா. சனிக்கிழமை கைவண்டியில வந்து எடுத்துக்கொண்டு போறன்,” என்றார்.

அன்று முழுவதும் என்னை ‘நஞ்சுப் பெட்டி’ என்று கூப்பிட்டார்கள். வீட்டில் அம்மா சோற்றைப் போட்டுக்கொண்டே கேட்டாள், “நீங்கள் ஏன் திருப்பி ஒரு சொல்லுக் கேக்கேல்லை? தண்ணியைக் குடிச்சது நான் கண்ணால கண்டனான்.”

“படிச்ச மனுசன் சொல்றார். எனக்கு இரும்பு தெரியும். மீன் தெரியாது.” அப்பா பிசைந்த சோற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னிடம், “உனக்கு அங்க ஏதும் கரைச்சலோ?” என்று கேட்டார்.

“இல்லை,” என்றேன். அவருக்குத் தன் தொட்டியைப் பற்றியல்ல, என் இடத்தைப் பற்றித்தான் பயம் என்று அப்போது எனக்குப் புரியவில்லை. அவரது வேலை பிழையாய்ப் போனால் என் படிப்பும் கெட்டுப்போகும் என்று நினைத்திருக்கிறார்.

அடுத்த நாள் இடைவேளையில் முருங்கையடியில் போய்க் குந்தினேன். என் கூட்டாளியும் வந்து குந்தினான். கிண்ணியாவில் வீடு, நகரத்தில் மாமாவின் கடையில் தங்கிப் படித்தவன். வெள்ளிக்கிழமை மிதவைப் பாதையில் ஏறி ஆற்றைக் கடந்து வீட்டுக்குப் போய், திரும்பி வரும்போது உம்மா போட்ட எருமைத்தயிர்ச் சட்டி ஒன்று கொண்டுவருவான். நாங்கள் எல்லோரும் விரலால் வழித்துத் தின்ற அதே தயிர்.

பழைய தொட்டியில் இரண்டு மீனும் சந்தோசமாக ஓடித்திரிந்தன. தண்ணீர் தேத்தண்ணி நிறம். நான் எறிந்த வலை ஒரு மூலையில் பாசியோடு கிடந்தது.

“இந்த ஊத்தைக்குள்ள எப்பிடியடா இருக்குதுகள்?” என்றேன். “புதுத் தொட்டிக்குள்ள எல்லாத்தையும் நான்தானே கழுவினனான். மணலைக்கூட அவிச்சனான்.”

“வலையை?”

“அதைத்தான் இதுக்குள்ள எறிஞ்சனான். புது வலை போட்டனான்.”

அவன் தலையைச் சொறிந்தான். “எங்கட உம்மா ஒவ்வொருக்காவும் புதுச் சட்டியிலதான் தயிர் போடுவா. சட்டி புதுசு. பால் புதுசு. ஆனா உறை பழசு. உறையையும் புதுசாக்கப் போனா பால் நாறும் மச்சான், தயிர் வராது.”

நான் அவனைப் பார்த்தேன்.

“நீ உறையைக் கழுவி ஊத்திப்போட்டாய் போல கிடக்கு,” என்றான். பகிடியாகத்தான் சொன்னான்.

அது சரியென்றால் அப்பாவில் பிழையில்லை. பிழை என்னில். அதை எப்படி நிரூபிப்பது என்பது மட்டும் எனக்கு உடனே தெரிந்தது. நான் படித்த படிப்பு எனக்கு முதல்தரம் கைகொடுத்தது அன்றைக்குத்தான்.

அதிபரின் அறைக்குப் போனேன். “தொட்டியை எடுக்க வேண்டாம் எண்டு அப்பாட்டைச் சொல்லுங்கோ சேர். எனக்கு ரெண்டு கிழமை தாங்கோ.”

“ரெண்டு கிழமையில என்ன செய்யப்போறாய்?”

“கீலையும் புட்டியையும் தண்ணிக்குள்ள போட்டு மீன் வளக்கப்போறன் சேர்.”

அதிபர் மூக்குக்கண்ணாடிக்கு மேலால் என்னைப் பார்த்தார். “ரெண்டு கிழமை. அதுக்குப் பிறகு தொட்டி வெளியில.”

கூட்டாளி தன் மாமாவின் கடையிலிருந்து டொபி போட்டு வைக்கிற பெரிய கண்ணாடிப் போத்தல்கள் இரண்டு கொண்டுவந்தான். மாமாவிடம் கேட்டானா இல்லையா என்று நான் விசாரிக்கவில்லை. சந்தைப் பக்கத்து வாய்க்காலில் துவாயால் வடித்துக் கப்பி மீன் பிடித்தோம், போத்தலுக்குப் பத்து. பம்பிலிருந்து வந்த குழாயை இரண்டாகப் பிரித்து இரண்டு போத்தலுக்கும் காற்று விட்டோம். இரண்டிலும் கிணற்றுத் தண்ணீர்தான்.

இடப்பக்கப் போத்தலில் அப்பாவின் தகரப் பேணியில் மிஞ்சிக் காய்ந்திருந்த புட்டியையும் ஒரு கட்டிக் கீலையும் போட்டேன். கூடவே முருங்கையடித் தொட்டியிலிருந்து எடுத்த ஊத்தை வலையில் ஒரு பிடி. வலப்பக்கப் போத்தலில் புட்டியும் இல்லை, கீலும் இல்லை. புது வலை, கழுவிய கரி, அவித்த மணல். விசயதசமியன்று செய்த மாதிரியே. எதில் எது என்று எழுதிய காகிதத்தை மடித்து அதிபரிடம் கொடுத்தேன். இரண்டுக்கும் ஒரே அளவு இறால் தூள் போட்டேன்.

முதல் மூன்று நாளும் ஒரு வித்தியாசமும் இல்லை. நான்காம் நாள் வலப்பக்கப் போத்தல் கலங்கியது. அதே அரிசி கழுவிய தண்ணீர். ஆறாம் நாள் மூன்று செத்தன. பத்தாம் நாள் ஒன்றுதான் மிச்சம். அதுவும் மேலே வந்து வாயைத் திறந்துகொண்டிருந்தது. இடப்பக்கத்தில் கீல் கட்டி ஊத்தை வலைக்குக் கீழே மறைந்து கிடந்தது. பத்தும் உயிரோடு. பத்து மட்டுமல்ல; ஒன்று குஞ்சு போட்டிருந்தது. கூட்டாளி எண்ணி எண்ணிப் பார்த்துப் பதினேழு என்றான். மறுபடி எண்ணிப் பத்தொன்பது என்றான்.

அன்று அதிபரும் மாஸ்டரும் வந்தார்கள். வகுப்பு முழுக்கச் சுற்றி நின்றது. மாஸ்டர் குனிந்து, சட்டென்று வலப்பக்கப் போத்தலைக் காட்டினார்.

“சொன்னனான்தானே? இதுக்குள்ளதானே கீலைப் போட்டனி?”

“இல்லை சேர். கீல் கிடக்கிறது மற்றதுக்குள்ள.”

அவர் குனிந்தபடியே நின்றார். அதிபர் சேட்டுப் பையிலிருந்து காகிதத்தை எடுத்து விரித்துப் பார்த்துவிட்டு, மாஸ்டரிடம் நீட்டினார்.

நான் இரவில் படுத்துக் கிடந்து பாடமாக்கிய வசனத்தைச் சொன்னேன். “அப்பான்ர தொட்டியில பிழையில்லை சேர். நான் கழுவினதுதான் பிழை. அந்த ஊத்தைக்குள்ள என்னவோ உயிர் இருக்குது. அதுதான் தண்ணியைத் திருத்துது. அதை நான் கழுவிச் சாகடிச்சுப்போட்டன்.”

வெளிச்சத்துக்கு வந்த முதல் பெருமையே, நான்தான் ஐந்து மீனைக் கொன்றவன் என்று சொல்வதாக இருந்தது.

மாஸ்டர் நிமிர்ந்தார். “கழுவச் சொன்னது ஆர்?” என்று கேட்டார்.

நான் அதிபரைப் பார்த்தேன்.

“நான்,” என்றார் அவர்.

அந்த ஒரு சொல்லுக்காக அவரை இன்றுவரை மதிக்கிறேன். எத்தனையோ பெரிய மனிதர்களைப் பிறகு கண்டேன். அதைச் சொல்ல அவர்களில் பலருக்கு வாய் வரவில்லை.

அன்றைக்கே சைக்கிளில் எங்கள் வீட்டுக்கு வந்தார். எங்களிடம் இருந்த ஒரே கதிரையை அம்மா சேலைத் தலைப்பால் துடைத்து வைத்தாள். அவர் அதில் உட்காரவில்லை, அப்பா நிற்கிறார் என்று அவரும் நின்றார்.

“உங்கட தொட்டியில ஒரு பிழையும் இல்லை. நான் அவசரப்பட்டிட்டன்,” என்றார். வகுப்பில் ‘வாரும், பூசினீர்’ என்று கதைத்தவரின் வாயிலிருந்து ‘உங்கட’ என்று வந்தது அம்மாவின் காதிலும் விழுந்தது.

“அப்ப மீன் ஏன் ஐயா செத்தது?”

“மகன் துப்பரவாய்க் கழுவிப்போட்டான். கூடிப்போச்சு.”

அப்பா என்னைப் பார்த்தார். ஏதோ ஏச்சு விழப்போகிறது என்று நின்றேன். “வேலையெண்டால் அரைகுறையாய்ச் செய்யமாட்டான் ஐயா,” என்றார்.

மறுபடி தொட்டியை நிரப்பியபோது ஒன்றையும் அவசரப்படுத்தவில்லை. முருங்கையடி வலையைப் பாதியாகப் பிய்த்து, ஒரு பாதியைப் புதுப் பெட்டிக்குள் வைத்தேன். மறுபாதியை இருந்த இடத்திலேயே விட்டேன், பிழையாய்ப் போனால் திரும்பக் கேட்க ஒரு இடம் வேண்டுமே. பழைய கல்லில் இரண்டு பேணி, ஒரு துணியில் முடிந்து, காற்று எழும்பும் இடத்தில் தொங்கவிட்டேன். பத்து நாள் இரண்டு மீன் மட்டும். சாப்பாடு நுள்ளி நுள்ளி. மூன்றாம் நாள் தண்ணீர் மெல்லிய புகை போல ஆனது. நான் பள்ளிக்கூடக் கிணற்றடியில் போய்ப் பிள்ளையாரைக் கும்பிட்டேன். ஐந்தாம் நாள் தெளிந்தது. பத்து நாளும் முடிந்த பிறகுதான் ஒவ்வொன்றாகப் புது மீன்கள் வந்தன.

பெட்டியைத் துப்பரவாக்கவும் ஒரு முறை வைத்துக்கொண்டோம். வலையை முழுதாக மாற்றுவதில்லை. இந்த மாதம் பாதி, அடுத்த மாதம் மறுபாதி. கழுவுவதும் கிணற்றுத் தண்ணீரில் அல்ல. தொட்டியிலிருந்து ஒரு வாளி அள்ளி அதற்குள் இரண்டு தரம் அலசினால் போதும். கரியை மாற்றும் மாதத்தில் வலையைத் தொடுவதில்லை. எனக்குப் பின்னால் பொறுப்பெடுத்தவர்களுக்கு இதை ஒரு மட்டையில் எழுதித் தொங்கவிட்டிருந்தேன். மீனின் கழிவு தண்ணீரில் நஞ்சாகிறது என்பதும், அதைத் தின்று வாழும் கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் அந்த வழுவழுப்பில் குடியிருக்கின்றன என்பதும், வெறும் தொட்டியில் அவை தாமாகப் பெருகக் கிழமைக் கணக்காகும் என்பதும் நான் பல வருடம் கழித்துப் பெரிய புத்தகங்களில் படித்தவை. படித்தபோது எனக்குப் புதுமையாக இருக்கவில்லை. தெரிந்த ஒருவரின் பெயரைப் பிந்திக் கேள்விப்பட்டது போல இருந்தது.

தை மாதம் போல, மூதூரில் ஒரு பள்ளிக்கூடம் தங்களுக்கும் ஒரு தொட்டி வேண்டும் என்று மாஸ்டரிடம் கேட்டது. மாஸ்டர் அப்பாவிடம் கேட்டார். அப்பா மூன்று கிழமையில் செய்து, இன்னொரு மூன்று கிழமை ஊறப்போட்டார். ஒரு சனிக்கிழமை காலை நாங்கள் இருவரும் அதைச் சாக்கில் சுற்றி மூதூர் லோஞ்சுப் படகில் ஏற்றினோம். தொட்டி அப்பாவின் காலடியில். என் மடியில் அம்மாவின் சாப்பாட்டுக் கரியர். அதன் மூன்று தட்டிலும் எங்கள் பெட்டியிலிருந்து பிய்த்தெடுத்த வலை, தொட்டித் தண்ணீரில் நனைந்தபடி. காயவிட்டால் அது செத்துவிடும். கரியரை அதற்குக் கொடுக்க அம்மா சம்மதித்ததே பெரிய காரியம். அதன் பிறகு அதில் எங்கள் வீட்டில் ஒருவரும் சாப்பிடவில்லை.

லோஞ்சு குடாவின் நடுவுக்கு வந்து ஆடத் தொடங்கியது. கரியரின் மூடி இடுக்கால் தவிட்டு நிறத் தண்ணீர் என் காற்சட்டையில் வடிந்தது. எதிரே கோழிக்கூடையோடு இருந்த பெண் முக்காட்டை மூக்கில் இழுத்துப் பிடித்தாள்.

“மனே, என்ன சாப்பாடு அது? எப்ப ஆக்கினது?”

சுற்றியிருந்தவர்கள் திரும்பினார்கள். ஒரு கிழவர் கிட்ட வந்து எட்டிப் பார்த்தார். எனக்கு முகம் சுட்டது. என்னவென்று சொல்வது? கரியரை இரண்டு கையாலும் மூடிக்கொண்டேன்.

அப்பா அதுவரை கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். நாலு பேர் இருக்கும் இடத்தில் அவர் தானாகக் கதைத்து நான் கண்டதில்லை. அன்று திரும்பி, எஞ்சின் சத்தத்துக்கு மேலால் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்:

“ஊத்தைதான் தங்கச்சி. பள்ளிக்கூடத்துக்குக் கொண்டு போறம். இந்தத் தொட்டி நான் செய்தது, ஆரும் செய்யலாம். அந்த ஊத்தை என்ர மகன் வளத்தது.”